முதன்முறையாகப் பெயர் சூட்டு விழா நடத்தி வைக்கப் போகிறவருக்கு

எங்களை என்ன சொல்லி அழைப்பது என்பதில் இன்னும் ஒரு முடிவு வரவில்லை. ஒரு வீட்டார் அழைப்பிதழில் ‘விழா நடத்துநர்’ என்று அச்சடித்துவிட்டார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர், “சில்லறை வெச்சிருக்கீங்களா?” என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அன்றிலிருந்து ‘நடத்தி வைப்பவர்’ என்றுதான் போடச் சொல்கிறேன்.

ஐயர் இல்லாமல் சபையில் பெயர் சூட்டுவது சேலத்துக்குப் புதிய பழக்கம் இல்லை. 1944 ஆகஸ்ட் 27 அன்று இங்கே கூடிய மாநாட்டில்தான் நீதிக்கட்சி, திராவிடர் கழகம் என்று பெயர் மாறியது. ஒரு கட்சிக்கே பெயர் வைத்த ஊர். பெரியார் கூட்டத்துக்கு வந்தால் மேடையில் குழந்தையை நீட்டி, “நீங்களே ஒரு பேர் வையுங்க ஐயா” என்று கேட்ட தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று நம்மைக் கூப்பிடுகிறார்கள். ஒரு வித்தியாசம் உண்டு. அன்று தலைவர் பெயர் வைத்தார், பெற்றோர் வாங்கிக்கொண்டார்கள். இன்று பெயரை வீட்டிலேயே முடிவு செய்துவிடுகிறார்கள். அதைச் சபையில் நாலு பேர் காதில் ஒழுங்காக விழ வைப்பதுதான் நம் வேலை. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதித் தவறுகள் நடக்காது.

கூப்பிடுகிறவர்கள் பலவகை. சடங்கே வேண்டாம் என்பவர்கள் இருக்கிறார்கள். அப்பா ஒரு மதம், அம்மா ஒரு மதம் என்பதால் இரண்டு பக்கமும் மனம் நோகாத ஒன்றைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். பதினாறாம் நாள் வீட்டில் புண்ணியாகவாசனம் முடித்துவிட்டு, சொந்தபந்தத்துக்காக மண்டபத்தில் தனியாக ஒன்று வைப்பவர்களும் உண்டு. வீட்டுக்குள் அவர்கள் என்ன செய்தார்கள் என்பது நம் கணக்கில் வராது. அதைப் பற்றி மைக்கில் கருத்துச் சொல்லாமல் இருந்தாலே பெரிய உதவி.

சட்டப்படி இந்த விழாவுக்கு எந்த மதிப்பும் கிடையாது. சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967இல் அண்ணா ஆட்சியில் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. பெயர் சூட்ட அப்படி எதுவும் வேண்டாம், உரிமமும் வேண்டாம். ஆஸ்திரேலியாவில் 1973 முதல் மதம் சாராத திருமணங்களை நடத்தி வைக்க அரசே ஆள் நியமிக்கிறது, அவர்களில் பலர் பெயர் சூட்டு விழாவும் நடத்துகிறார்கள். இங்கே தெளிவான குரலும் பொறுமையும் உள்ள யாரும் செய்யலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களைத்தான் அதிகம் தேடி வருகிறார்கள். எங்களுக்கு நாற்பது நிமிடத்தில் முடிக்கத் தெரியும் என்ற நம்பிக்கையோ என்னவோ.

முதலில் வீட்டுக்குப் போங்கள்

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் வீட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் உட்காருங்கள். போனில் பேசி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நான் அப்படி ஒரு முறை நினைத்தேன். வாட்ஸப்பில் ஆங்கில எழுத்தில் வந்த பெயரைப் பார்த்து, மண்டபத்தில் கணீரென்று “நிலன்!” என்று அறிவித்தேன். முன்வரிசையில் இருந்த தாத்தா எழுந்து, “நீலனுங்க” என்றார். சபை சிரித்தது, குழந்தையின் அம்மா சிரிக்கவில்லை. அதிலிருந்து, பெயரை அம்மா கையால் தமிழில் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்கிறேன். பிறகு அவரையே வாய்விட்டு இரண்டு முறை சொல்லச் சொல்கிறேன். ழகரம், ளகரம், குறில், நெடில் எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும்.

அந்தத் தாளிலேயே ஆங்கில எழுத்துக்கூட்டல், தலைப்பெழுத்து இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். விழாவுக்கு இது தேவையில்லைதான். ஆனால் இதை முன்பே பேசாத வீடுகளில், ஒரு ‘h’ சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டை பந்தியில் கிளம்பும். எண்கணிதம் பார்க்கிற சித்தப்பா எல்லா வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்.

அடுத்து, இந்தப் பெயர் ஏன் என்று கேளுங்கள். “சும்மா, நல்லா இருந்துச்சு” என்பதுதான் முதல் பதில். விடாதீர்கள், தேநீர் வரும்வரை காத்திருங்கள். அப்பா கல்லூரியில் படித்த ஒரு பாட்டில் வந்த சொல், அம்மாவின் சின்ன வயதுத் தோழியின் பெயர், ரோகிணி நட்சத்திரத்துக்கு ஓ, வ, வி, வு என்று எழுத்து வந்ததில் அரை மனதோடு ஒத்துக்கொண்டது என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். விழாவில் பேச வேண்டியது அதுதான். நீங்கள் சொந்தமாக எழுதிக்கொண்டு போகும் ‘தமிழ்ப் பெயரின் பெருமை’ உரையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள்.

மூன்றாவதாக, யார் யாருக்கு என்ன பங்கு என்று கேளுங்கள். காதில் பெயர் சொல்வது பெரும்பாலும் அத்தை. கொலுசும் அரைஞாணும் தாய்மாமன் கொண்டு வருவார், வெள்ளிக்குப் பெயர் போன ஊரில் அதில் குறை வைக்க மாட்டார். மேல்நாட்டில் இப்படி விழா நடத்துகிறவர்கள், குழந்தைக்குத் துணை நிற்கும் பெரியவர்களாகச் சிலரைத் தேடிப் பிடித்து நியமிக்கிறார்கள். நமக்கு அத்தையும் தாய்மாமனும் குழந்தை பிறக்கும்போதே நியமனம் ஆகிவிடுகிறார்கள். இரண்டு அத்தைகள் இருந்தால் யார் சொல்வது என்பதை வீட்டாரே முடிவு செய்யட்டும். நீங்கள் பஞ்சாயத்துக்குப் போகாதீர்கள். “ரெண்டு பேருக்கும் ரெண்டு காது இருக்குங்களே” என்று ஒரு அம்மாயி சொன்னதை மட்டும் வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம், யார் பேச்சில் வரவில்லை என்று கவனியுங்கள். கணவரை இழந்த பாட்டியோ, குழந்தை இல்லாத சித்தியோ ஒருவர் அந்த வீட்டில் இருப்பார். அவர்களாகவே “நான் பின்னால நின்னுக்கறேன்” என்பார்கள், மற்றவர்களும் சும்மா இருந்துவிடுவார்கள். பெற்றோரைத் தனியாகக் கூப்பிட்டு, “அவங்களுக்கு ஒரு இடம் வைக்கலாமா?” என்று கேட்கும் துணிவு உங்களுக்கு வேண்டும். ஐயர் இல்லாத விழா நடத்துவதில் எனக்குத் தெரிந்த முக்கியமான வசதியே இதுதான், முன்னால் வரக் கூடாது என்று யாரையும் தடுக்க எந்த விதியும் இல்லை.

ஓமலூர்ப் பக்கம் ஒரு வீட்டில், இறந்துபோன தாத்தாவின் பெயரையே பேரனுக்கு வைத்தார்கள். அப்பாயி சமையற்கட்டு ஓரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் போய்க் கேட்டபோது, “என் வாயில அவரு பேரு வராதுங்க” என்றார். நாற்பது வருடம் ‘ஏனுங்க’ என்று மட்டுமே கூப்பிட்டவர். வற்புறுத்தவில்லை. மைக் வேண்டாம், யாரும் கேட்க வேண்டாம், காதில் என்ன தோன்றுகிறதோ அதைச் சொல்லுங்கள் என்றேன். விழா அன்று வந்தார், குழந்தையின் காதோரம் குனிந்து ரொம்ப நேரம் இருந்தார். என்ன சொன்னார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

இப்படித் தாத்தா பாட்டி பெயர் வைக்கும் வீடுகளில் இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள்: மருமகள் மாமனார் பெயரைச் சொல்லிக் குழந்தையை அதட்ட முடியாது என்பதால், கூப்பிட ஒரு செல்லப்பெயர் தனியாக வைத்திருப்பார்கள். அதையும் சேர்த்து அறிவிக்க வேண்டுமா என்று முன்பே தெரிந்திருந்தால் நல்லது.

குழந்தையின் நேரம்

அழைப்பிதழில் 10.30 என்று போட்டிருந்தாலும், விழா தொடங்கும் நேரம் குழந்தை பால் குடித்து முடித்த பத்தாவது நிமிடம். பசியில் இருந்தால் அழும். ஏப்பம் விடாமல் தூக்கிக்கொண்டு வந்தால் உங்கள் சட்டையில் கக்கும். அம்மாவுக்குச் சிசேரியன் ஆகியிருந்தால் நிற்க வைக்காதீர்கள். முதுகு சாயும் நாற்காலி, பக்கத்தில் தண்ணீர், பால் கொடுக்கத் தனி அறை, இந்த மூன்றையும் மண்டபத்துக்குப் போனதும் முதலில் பாருங்கள்.

நாள் நேரம் பார்க்கமாட்டோம் என்று சொல்லும் வீட்டிலும் ராகு காலம் பார்க்கிற ஒருவர் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை 4.30 முதல் 6 வரை என்பதை நினைவில் வைத்துக்கொண்டு காலையிலேயே வைத்துவிட்டால் வாக்குவாதமே வராது. காலை வெயில் ஏறுவதற்குள் முடிவது குழந்தைக்கும் நல்லது. சேலத்து ஏப்ரல் வெயிலில், குளிர்சாதனம் இல்லாத மண்டபத்தில், பட்டுப் பாவாடை போர்த்திய மூன்று மாதக் குழந்தையைப் பார்த்தால் எனக்கே வியர்க்கும். பருத்தி போதும் என்று சொல்லுங்கள்.

சேனை வைக்கும் பழக்கம் உள்ள வீடுகளில் கவனம் தேவை. நல்ல குணமுள்ள பெரியவர் கையால் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ நாக்கில் தடவினால் அந்தக் குணம் வரும் என்பது நம்பிக்கை. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் கூடாது என்பது மருத்துவர்கள் சொல்வது. தேன் ஒரு வயது வரைக்கும் கூடவே கூடாது, அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக்குழந்தையின் குடலில் பெருகி நரம்புகளைத் தாக்கும். இதைச் சபையில் சொல்லிப் பெரியவரை அவமானப்படுத்தாதீர்கள். முந்தின வாரமே பேசி, தாய்ப்பாலையே பாலாடையில் எடுத்து அவர் கையால் ஒரு சொட்டு வைக்கச் செய்யலாம். நான் கேட்டுப் பார்த்தவரை எந்தத் தாத்தாவும் மறுக்கவில்லை. குணம் வந்தால் சரி என்றார்கள்.

கையில் கோத்துக் கட்டும் வசம்புக்குப் ‘பேர் சொல்லாதது’ என்றும் ஒரு பெயர் உண்டு, இரவில் அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்பார்கள். பெயர் சூட்டு விழாவுக்கு அதைக் கட்டிக்கொண்டு வருகிற குழந்தையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். கட்டியிருக்கட்டும். வாய்க்குள் போகாதபடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

சத்தம்தான் பெரிய எதிரி. இப்போது எதற்கெடுத்தாலும் செண்டை மேளம் வைக்கிறார்கள். காதுகுத்துக்கு வைக்கட்டும், மூன்று மாதக் குழந்தையின் தொட்டிலுக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒலிபெருக்கியையும் தொட்டிலுக்கு எதிர்த்திசையில் திருப்பி வைக்கச் சொல்லுங்கள். சாம்பிராணிப் புகை, வெடிக்கிற பலூன், மினுமினுக் காகிதம் சிதறும் குழாய் எல்லாம் பந்திப் பக்கம் போகட்டும்.

புகைப்படக்காரரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசுங்கள். பளிச்சொளி வேண்டாம் என்பது ஒன்று. அதைவிட முக்கியம், “அத்தை, இன்னொரு தடவை காதுல சொல்லுங்க, இந்தப் பக்கம் பாத்து” என்று கேட்கக் கூடாது. ஒரு குழந்தைக்கு ஏழு முறை பெயர் வைத்த விழாவை நான் நடத்தியிருக்கிறேன். கடைசி இரண்டு முறை அத்தை வெறுமனே உதட்டை அசைத்தார்.

ஏற்காட்டில் வைப்பதானால்

மலை மேல் விடுதியில் வைக்க ஆசைப்படுகிறவர்கள் கூடிவருகிறார்கள். அழகுதான். ஆனால் அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு, மேலே ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். ஏறும்போது குழந்தைக்குக் காது அடைக்கும், பால் கொடுத்துக்கொண்டே வந்தால் அழுகை குறையும். அதற்காக ஓடுகிற வண்டியில் கொடுக்க வேண்டாம், இரண்டு இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். முந்தின நாளே ஏறிவிடுவது இன்னும் நல்லது. உறவினர்களில் பாதிப் பேர் வாந்தி எடுத்துவிட்டு வெளிறிய முகத்தோடு வருவார்கள், அவர்கள் தெளியக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

புல்வெளியில் பந்தல் போட்டால் பதினொரு மணிக்குள் முடியுங்கள். மதியத்துக்கு மேல் மூடுபனியோ மழையோ எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மின்சாரம் போனாலும் ஓடுகிற சின்ன ஒலிபெருக்கி ஒன்றைக் கையோடு கொண்டு போங்கள். மே மாதக் கோடை விழா சமயத்தில் வைக்கவே வைக்காதீர்கள். மலைப்பாதையில் வண்டிகள் நகராமல் நின்று, தாய்மாமன் கொலுசோடு பத்தாவது வளைவில் மாட்டிக்கொண்ட கதையெல்லாம் உண்டு.

சேர்வராயன் மலையில் உள்ள மலையாளிப் பழங்குடியினர் ஊர்களிலிருந்து யாராவது அழைத்தால் அது வேறு. அங்கே பெரியவர்கள் சொல்வதுதான் முறை. கேட்டுக்கொண்டு, கொடுத்த வேலையை மட்டும் செய்யுங்கள்.

சபையில்

மொத்தம் இருபத்தைந்து நிமிடம், அதற்கு மேல் எந்தக் குழந்தையும் தாங்காது. நான் தொடங்குவது ஏறக்குறைய இப்படி:

“எல்லாருக்கும் வணக்கம். மூணு மாசமா இந்தக் குழந்தையைப் பாப்பா, தங்கம், குட்டின்னு ஆளுக்கொரு பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டு வர்றோம். இன்னிக்கு அவளோட பேரை அவகிட்டச் சொல்லப் போறோம். அதுக்கு முன்னாடி, அந்தப் பேர் எப்படிக் கிடைச்சதுன்னு அவங்க அம்மா சொல்வாங்க.”

அவ்வளவுதான். விருந்தினர் பெயர்ப் பட்டியல், ‘வருகை தந்திருக்கும்’ என்று தொடங்கும் வாக்கியங்கள் எதுவும் வேண்டாம். அம்மாவோ அப்பாவோ இரண்டு நிமிடம் பேசட்டும். மேடையில் நா எழாது என்று பயப்படுகிறவர்களுக்கு நீங்களே படித்துவிடலாம். ஆனால் அவர்கள் சொன்ன வார்த்தையில் படியுங்கள், அழகுபடுத்தாதீர்கள்.

குறள் படிக்க விரும்பினால் மக்கட்பேறு அதிகாரம் இருக்கிறது, 61 முதல் 70 வரை. பெண் குழந்தைக்கு 69ஐ எடுக்கும்முன் யோசியுங்கள், அதில் ‘மகன்’ என்று வருகிறது. பின்வரிசைப் பெரியம்மா யாராவது கட்டாயம் கண்டுபிடிப்பார். குழந்தையின் சிறு கை அளாவிய கூழைச் சொல்லும் 64, மழலையைச் சொல்லும் 66 இரண்டும் யாருக்கும் பொருந்தும். ஒரு குறள் போதும். பொருளை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு நகருங்கள்.

பிறகு அத்தையும் மாமாவும் ஆளுக்கு ஒரு வாக்குக் கொடுக்கலாம். இது நான் சேர்த்துக்கொண்டது, வேண்டாதவர்கள் விட்டுவிடுங்கள். “எப்போதும் அன்பாக இருப்பேன்” என்பது போன்ற வாக்கை நான் ஏற்பதில்லை. நாளைக்கு நிறைவேறியதா இல்லையா என்று பார்க்க முடிகிற ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மாமா, “எங்க தோட்டத்துக் கிணத்துல நீச்சல் கத்துக் குடுப்பேன்” என்றார். ஒரு அத்தை, “பள்ளிக்கூடம் போற முதல் நாள் நான் லீவு போட்டுட்டு வந்துருவேன்” என்றார். சபையே நிமிர்ந்து உட்கார்ந்தது.

இப்போது பெயர். அத்தை காதில் மூன்று முறை சொல்லட்டும், பிறகு அப்பாவும் அம்மாவும். அந்த நேரம் மைக்கைக் கீழே இறக்கிவிடுங்கள். கூட்டம் தானாக அமைதியாகும். ஆகவில்லை என்றால் காத்திருங்கள், “அமைதி, அமைதி” என்று கத்தினால் குழந்தை விழித்துக்கொள்ளும். அவர்கள் நிமிர்ந்ததும் மனத்துக்குள் மூன்று எண்ணிவிட்டு, மைக்கைத் தூக்கி, பெயரை மட்டும் சொல்லுங்கள். முன்னால் அடைமொழி இல்லை, பின்னால் விளக்கம் இல்லை. பெயரை மட்டும். அடுத்து, “எல்லாரும் மெதுவா ஒரு தடவை கூப்பிடுங்க” என்று சொல்லுங்கள். இருநூறு பேர் தணிந்த குரலில் ஒரு பெயரைச் சொல்லும்போது மண்டபத்தில் ஒரு சத்தம் எழும். இந்த வேலையை நான் விடாமல் இருப்பதற்கு அந்தச் சத்தமும் ஒரு காரணம்.

அழுதால்? அழட்டும். “தன் பெயரைக் கேட்டுப் பதில் சொல்றா” என்று ஒரு வரி சொல்லிவிட்டு அம்மாவிடம் கொடுங்கள். விழாவை நிறுத்திவிட்டுப் பால் கொடுக்கப் போனாலும் ஒன்றும் குறைந்துவிடாது, அந்த நேரத்தில் தட்டுவடை செட்டைப் பரிமாறச் சொல்லிவிடலாம்.

அடுத்தது தொட்டில். வாடகைக்கு வரும் பூத் தொட்டில்களில் குண்டூசியும் கம்பியும் நீட்டிக்கொண்டிருக்கும், உள்ளே கை விட்டுத் தடவிப் பாருங்கள். என் விருப்பம் பாட்டியின் பழைய பருத்திச் சேலையில் கட்டிய தூளிதான், கொக்கியை ஒருவர் இழுத்துப் பார்த்தபிறகு. தொட்டிலில் போட்டதும் தாலாட்டு. ஒலிநாடாக் குரலோ கைப்பேசிப் பாட்டோ வேண்டாம், வீட்டில் பாடத் தெரிந்தவர் ஒருவர் எப்போதும் இருப்பார். “எனக்குத் தொண்டை சரியில்ல” என்று மூன்று முறை மறுத்துவிட்டு நான்காம் முறை பாடுவார்கள், அந்த மூன்று முறைக்கும் நேரம் ஒதுக்குங்கள். மாமன் கொண்டு வந்த சீரை அடுக்குகிற வரிகள் வரும்போது மாமாவின் பெயரை நுழைத்துப் பாடுவார்கள், அவர் முகத்தைப் பாருங்கள். சேலத்து நெசவாளர் தெருக்களில் வீட்டுக்குள் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசுகிறவர்கள் உண்டு. தாலாட்டு எந்த மொழியில் வந்தாலும் அப்படியே விடுங்கள், மொழிபெயர்க்கக் கிளம்பாதீர்கள். பாட்டு முடிந்தால் விழா முடிந்தது. கொலுசு, மொய், புகைப்படம் எல்லாம் தானாக நடக்கும், நீங்கள் மேடையை விட்டு இறங்கிவிடலாம்.

பணம் பற்றி இரண்டு வார்த்தை. வாங்குவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். வாங்குவதானால் முதல் சந்திப்பிலேயே தொகையைச் சொல்லிவிடுங்கள். “உங்க இஷ்டம்” என்றால் இரு தரப்புக்கும் சங்கடம். நான் போக்குவரத்துச் செலவு மட்டும் வாங்கிக்கொள்கிறேன், ஏற்காடு என்றால் வண்டி அவர்கள் அனுப்ப வேண்டும்.

சான்றிதழ்

பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம், மருத்துவமனையில் பிறந்தால் தகவலை அவர்களே அனுப்பிவிடுவார்கள். அப்போது பெயர் முடிவாகியிருக்காது என்பதால் அந்த இடம் காலியாக இருக்கும். பதிவான நாளிலிருந்து 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டும். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஆதார், கடவுச்சீட்டு எல்லாவற்றுக்கும் பிறந்த நாளையும் இடத்தையும் காட்டும் சான்று இந்தப் பிறப்புச் சான்றிதழ்தான், பெயர் இல்லாமல் விட்டால் அலைச்சல்.

இன்னொரு சிக்கல், பதிவு நடப்பது குழந்தை பிறந்த ஊரில். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு போய் ஈரோட்டிலோ தருமபுரியிலோ பிறந்த குழந்தைக்குச் சேலம் மாநகராட்சியில் போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அம்மா கையால் எழுதி வாங்கினீர்களே, அந்தத் தாளை விழா முடிந்ததும் அவரிடமே திருப்பிக் கொடுங்கள். விண்ணப்பத்தில் எழுத்துக்கூட்டலைப் பார்த்து எழுத அது உதவும்.

அப்படியும் விட்டுவிடுகிறார்கள். அதனால் நான் என் நாட்குறிப்பில் பிறந்த தேதியைக் குறித்துக்கொண்டு பதினோராவது மாதம் ஒரு முறை போன் செய்கிறேன். “பேர் சேத்தாச்சுங்களா?” என்று கேட்டால், பாதி வீட்டில், “ஐயோ, மறந்தே போச்சுங்க, நாளைக்கே போறோம்” என்கிறார்கள். பின்னாலேயே குழந்தையைப் பெயர் சொல்லி அதட்டுகிற சத்தம் கேட்கிறது.